கேக்கும் கணக்கும் கதையும்: டிசம்பரில் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் என் போனுக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வர ஆரம்பிக்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஆட்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் தமிழில் கதையோ கவிதையோ எழுதிக்கொண்டு, பகலில் வேறொரு வேலையும் பார்த்துக்கொண்டு, வீட்டில் கிறிஸ்மஸையும் நடத்தியாக வேண்டியவர்கள். நான் மார்த்தாண்டத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். பதினாறு வருஷமாகச் சிறுகதை எழுதுகிறேன். வீட்டில் மாமி (மாமியார்), பாறசாலையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர், ஒன்பதாம் வகுப்பு மகள், நாலாம் வகுப்பு மகன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

டிசம்பரில் உண்மையிலேயே எழுத முடியுமா?

முடியும், ஆனால் கொஞ்சம்தான். நாவலில் ஒரு அத்தியாயத்தை இந்த மாதம் முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். எனக்கு ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம். கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு நாளும் பிந்தின இரண்டு நாளும் அதுவும் கிடையாது. அந்த ஆறு நாளும் நோட்டில் தினம் இரண்டு வரி எழுதிவிட்டுப் படுத்துவிடுவேன்.

அந்த இரண்டு வரியால் என்ன ஆகப்போகிறது?

கதை நம்மை மறக்காமல் இருக்கும். பத்து நாள் தொடாமல் விட்ட கதைக்குத் திரும்பிப் போனால் அந்த ஆட்களின் குரலே காதில் விழாது. இரண்டு வரி எழுதிய கதைக்குப் போனால் விட்ட இடத்திலேயே நிற்பார்கள். இதை நான் பல டிசம்பர்களில் பார்த்துவிட்டேன்.

உங்கள் டிசம்பர் எப்படிப் போகிறது? வேலையையும் எழுத்தையும் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

முதலில் வேலையின் தேதிகளைப் போட்டுவிடுவேன், ஏனென்றால் அவை நகராது. 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது கடைகளின் விற்பனை விவரம். 15ஆம் தேதி முன்கூட்டிய வருமான வரியின் மூன்றாம் தவணை. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது வரி கட்டும் மாதக் கணக்கு. 31ஆம் தேதி போன நிதியாண்டின் ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கும், வருமான வரிக் கணக்கைத் தாமதமாகக் கொடுப்பவர்களுக்கான கடைசி நாளும். எங்களைப் போல எல்லையில் இருக்கும் அலுவலகத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. பாதிக் கடைகளின் ஜிஎஸ்டி எண் 33 (தமிழ்நாடு) என்று தொடங்கும், மீதி 32 (கேரளம்) என்று தொடங்கும். நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைக்குச் சரக்கு போனாலும் அது வேறு மாநிலத்துக்குப் போன கணக்கு. கிறிஸ்மஸ் வியாபாரம் சூடுபிடிக்கும்போது பில்கள் மூட்டையாக வரும்.

அடுத்து பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு. அது மாத நடுவில் தொடங்கிக் கிறிஸ்மஸ் விடுமுறைக்குச் சற்று முன்புதான் முடியும். பிறகு சபையின் கேரல், ஓய்வுநாள் பாடசாலை (பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பு) நிகழ்ச்சி, 25ஆம் தேதி விடியற்காலை ஆராதனை, 31ஆம் தேதி இரவு ஆராதனை. இவற்றையெல்லாம் காலண்டரில் எழுதிய பிறகு எங்கெல்லாம் வெள்ளையாக இருக்கிறதோ அங்கே எழுத்தை வைக்கிறேன்.

எனக்குப் பிடித்த வெள்ளை இடம் டிசம்பர் 3. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக எங்கள் மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை விடுவார்கள், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை வைத்துவிடுவார்கள். எங்கள் அலுவலகமும் பூட்டியிருக்கும். கேரளப் பக்கம் அன்று வேலை நாள் என்பதால் வீட்டுக்காரர் கடைக்குப் போய்விடுவார். காலை பத்து முதல் ஒரு மணி வரை மூன்று மணி நேரம் எனக்கென்று கிடைக்கும். அந்த மாதத்துக்கான பெரிய எழுத்து வேலை எதுவோ அதை அன்றைக்கே செய்துவிடுவேன்.

வீட்டில் நேரம் கேட்டால் "பண்டிகை நேரத்தில் கதை எழுதணுமா" என்கிறார்கள். எப்படிக் கேட்பது?

இதுதான் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமான கேள்வி, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பல வருஷம் கேட்டதே இல்லை. எல்லோரும் தூங்கிய பிறகு பதினொன்றரைக்கு எழுந்து, அடுக்களை வெளிச்சத்தை மட்டும் போட்டு இரண்டு மணி வரை எழுதுவேன். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் எழுதுகிறோம் என்று எனக்கு அதில் ஒரு பெருமையே இருந்தது. மகள் மூன்றாம் வகுப்பு படித்த டிசம்பரில் ஓய்வுநாள் பாடசாலை நிகழ்ச்சியில் அவளுக்குத் தேவதூதர் வேஷம். மாமியும் வீட்டுக்காரரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். நான் சேலை மாற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இரவில் பாதியில் விட்ட ஒரு பத்தியை ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பதினைந்து நாளாகத் தூக்கம் கெட்ட உடம்பு, அப்படியே கண்ணயர்ந்துவிட்டது. ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இறக்கைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அழவில்லை. "அம்மா, நான் மறக்காம எல்லாம் சொன்னேன்" என்றாள். அந்தக் குரல் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது.

அன்று இரவுதான் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இத்தனை நாளாக ராத்திரி எழுந்து எழுதுவதையும் சேர்த்து. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "சொல்லியிருந்தா வாரத்துல ரெண்டு நாள் கடைய எட்டு மணிக்கே பூட்டிட்டு வந்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த வீட்டில் நேரம் இருந்திருக்கிறது, நான் அதைக் கேட்காமல் என் தூக்கத்திலிருந்தும் பிள்ளையிடமிருந்தும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து அட்வென்ட் என்னும் கிறிஸ்மஸ் ஆயத்த காலத்தின் முதல் ஞாயிறு மாலை (நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் எப்படியும் வந்துவிடும்) நாங்கள் ஐந்து பேரும் கடைக் காலண்டரை மேசையில் விரித்து உட்காருகிறோம். மாமிக்கு எந்த நாள் ஆஸ்பத்திரி, மகளுக்கு எப்போது கணக்குத் தேர்வு, அவருக்குக் கடையில் ஸ்டாக் எடுப்பது எப்போது, மகனுக்குக் குடில் கட்ட எந்தச் சனிக்கிழமை, எனக்கு எழுத்து எப்போது என்று எல்லாமே ஒரே பேனாவால் எழுதப்படும். ஒரே பேனா என்பதை வேண்டுமென்றே சொல்கிறேன். என் எழுத்து மற்ற வேலைகள் முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் செய்வது என்று இருந்தவரை எல்லோரும் அப்படித்தான் நடத்தினார்கள், நானும் சேர்த்து.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "எனக்கு எழுத நேரமே இல்லை" என்று சொன்னால் அது புகார், அதற்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. "செவ்வாயும் வெள்ளியும் எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை நான் உள்ளறையில் இருப்பேன், பால் பொங்கினாலும் கூப்பிட வேண்டாம்" என்று சொன்னால் சரி என்றோ முடியாது என்றோ சொல்லலாம், வெள்ளி வேண்டாம் வியாழன் வைத்துக்கொள் என்று பேரம்கூடப் பேசலாம். அப்புறம், ஒன்பதேகாலுக்கு எழுந்துவிட வேண்டும். நடுவில் ஒரு வாக்கியம் தொங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். சொன்ன நேரத்துக்கு வெளியே வரும் அம்மாவுக்கு அடுத்த வாரமும் நேரம் கிடைக்கும்.

விடியற்காலை எழுதுவது நல்லதா, இரவா?

எங்கள் ஊரில் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். டிசம்பர் பால் நன்றாக இறங்கும் மாதம். அந்த நேரத்துக்கு எழுந்து எழுதுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரிப்படும். ஆனால் டிசம்பரில் கேரல் குழு வீட்டுக்கு வந்து போக ராத்திரி பதினொன்றோ பன்னிரண்டோ ஆகிவிடும், டிரம் சத்தம் தெருக்கோடியில் கேட்டாலே பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். அப்படி ஒரு ராத்திரிக்கு மறுநாள் நாலரைக்கு அலாரம் வைக்காதீர்கள். தூங்குங்கள்.

அலுவலகத்தில் ஓய்வு நேரத்தில் எழுதலாமா?

மதியச் சாப்பாட்டு நேரம் உங்களுடையது, அதில் எழுதலாம். மேசையில் மற்றவர் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். ஒரு எண் மாறினால் அபராதம் கட்டப்போவது ஒரு சின்னக் கடைக்காரர்.

ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்காகப் பதிப்பகத்திலிருந்து டிசம்பரில் மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படி) வருகிறது. என்ன செய்வது?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே உள்ள தொல்லை என்று இதைச் சொல்லலாம். சென்னைப் புத்தகக் கண்காட்சி 1977இல் தொடங்கியதிலிருந்து பொங்கலை ஒட்டியே பெரும்பாலும் நடக்கிறது, புதுப் புத்தகங்கள் அதற்குத்தான் வரும். 2024இல் டிசம்பர் 27ஆம் தேதியே தொடங்கிவிட்டது. ஆகவே அச்சுக்குப் போகிற அவசரம் முழுவதும் நம் கிறிஸ்மஸ் மேல் வந்து விழுகிறது.

அக்டோபரிலேயே பதிப்பாளரிடம் பேசிவிடுங்கள். "டிசம்பர் 10க்கு மேல் என்னால் மெய்ப்புப் பார்க்க முடியாது, நவம்பர் கடைசிக்குள் அனுப்புங்கள்" என்று தேதியோடு சொல்லுங்கள். முடியாது என்றால் புத்தகம் அடுத்த வருஷம் வரட்டும். இதைச் சொல்லும்போது எனக்கே மனம் வலிக்கிறது, கண்காட்சியில் நம் புத்தகத்தைப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஒரு டிசம்பர் 23 இரவு, அடுப்பில் கேக் வேகும்போது கடைசி மெய்ப்பைப் பார்த்து அனுப்பினேன். அச்சில் வந்த கதையில் பாட்டிக்கு முதல் பாதியில் ஒரு பெயர், பின்பாதியில் வேறொரு பெயர். தவறு முழுக்க என்னுடையது. அந்தப் பதிப்பை இன்றைக்கும் யாருக்கும் கொடுப்பதில்லை.

மெய்ப்பு வந்தே விட்டது என்றால் காகிதத்தில் எடுத்துக்கொண்டு இரண்டு தடவை பாருங்கள். ஒரு தடவை பெயர், ஊர், வயது, உறவுமுறை மட்டும். இன்னொரு தடவை ஒற்றும் எழுத்துப் பிழையும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் இரண்டுமே தப்பும். முதல் தடவையை எட்டாம் வகுப்புப் பிள்ளையே செய்துவிடும், என் மகள் போன வருஷம் செய்தாள்.

பலகாரமும் கேக்கும் செய்யவே மாதம் போய்விடுகிறதே?

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் வீட்டில் முன்பு கேக், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் எல்லாமே வீட்டில்தான். இப்போது கேக் பேக்கரியில், அச்சுமுறுக்கும் அதிரசமும் பக்கத்துத் தெரு அக்காவிடம் சொல்லி வைத்து வாங்குகிறோம். முந்திரிக்கொத்தை மட்டும் விடவில்லை, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

முந்திரிக்கொத்து ஒரு ஆள் செய்கிற பலகாரம் இல்லை. சிறுபயறை வறுத்துத் திரிக்க வேண்டும், தேங்காய் வறுக்க வேண்டும், வெல்லப் பாகு காய்ச்சிச் சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும், பிறகு அரிசி மாவில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் போட வேண்டும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால்தான் கை ஓடும். கை வேலையாக இருக்கும்போது வாய் சும்மா இருக்காது. அப்படி உருட்டிக்கொண்டே மாமி சொன்னதுதான் பழைய நாட்களில் சந்தைக்கு இருட்டில் தீப்பந்தம் பிடித்து நடந்து போன கதை, மரச்சீனிக் கிழங்கை மட்டுமே தின்று கழித்த ஒரு மழைக்காலத்தின் கதை. என் இரண்டாவது தொகுப்பில் பாதி அந்த உருளிப் பக்கத்தில் கிடைத்தது. ஆகவே எந்த வேலையை விலைக்கு வாங்கலாம், எந்த வேலையில் பேச்சு நடக்கிறது என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முந்திரிக்கொத்து செய்யும் சனிக்கிழமை ராத்திரி நான் பாகு பதம் தவறவிடாமல் நின்றால், மறுநாள் மாலை மாமி என்னை அடுக்களைக்குள்ளேயே விடமாட்டார். "நீ போ மக்ளே, மாவ நான் பாத்துக்கிடுதேன்" என்பார்.

நான் ஆண். வீட்டில் எனக்கு எழுத நேரம் கிடைக்கிறது. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதும் அந்த இரண்டு மணி நேரத்தில் தேங்காய் துருவுவது யார், பிள்ளைக்கு அறிவியல் சொல்லித்தருவது யார்? அவருக்கும் ஒரு ஆசை இருக்கும், பாட்டோ தையலோ வெறுமனே தூங்குவதோ. காலண்டரில் அவருடைய நேரத்தை முதலில் எழுதுங்கள்.

உறவுக்காரர்கள் எல்லோரும் வரும்போது குறிப்பு எடுக்கலாமா? அவர்கள் சொன்னதைக் கதையில் எழுதலாமா?

போனை எடுத்து முகத்துக்கு நேரே தட்டச்சு செய்யாதீர்கள், பேச்சு நின்றுவிடும். கை கழுவப் போகும்போது நாலு சொல் எழுதிக்கொண்டால் போதும். பெரியவர்கள் குரலைப் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எழுதலாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இது: இரண்டு கிறிஸ்மஸ் போகும்வரை எழுத மாட்டேன். அதற்குள் அந்தச் சம்பவம் வேறு பலவற்றோடு கலந்து என்னுடையதாக மாறியிருக்கும். அப்போதும் அது ஒருவருடைய காயம் என்றால், அவர் உயிரோடு இருந்தால், போய்க் கேட்பேன். ஒரு சித்தி வேண்டாம் என்றார். அந்தக் கதையை எழுதவில்லை. இனியும் எழுதமாட்டேன்.

வீட்டுப் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கிறது. கதையில் எப்படி எழுதுவது?

இந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. கோடு போட்டது பிறகு, பெண் கொடுத்ததும் எடுத்ததும் அதற்கு முன்பே. கிறிஸ்மஸ் மதியம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்தால் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் வரும். நினைவை "ஓர்மை" என்போம், தண்ணீரை "வெள்ளம்" என்போம். என் கதையில் ஒருத்தி கிணற்றில் வெள்ளம் கோரினாள் என்று எழுதியதைப் பார்த்து, வெள்ளம் வந்துவிட்டதா என்று கேட்டு நீர் இறைத்தாள் என்று திருத்தி அனுப்பினார் ஒரு பத்திரிகை ஆசிரியர். நான் பேச்சில் வரும் சொல்லை மாற்ற விடுவதில்லை, கதை சொல்லும் வரிகளைப் பொதுத்தமிழில் வைக்கிறேன். முன்பின் வரிகளில் கிணறும் வாளியும் இருந்தால் மதுரைக்காரருக்கும் புரிந்துவிடும். போனில் குரலை எழுத்தாக்கும் வசதி எங்கள் பேச்சைக் குழப்பிவிடுகிறது, அதனால் குரலாகவே பதிந்துவைத்து ஜனவரியில் கேட்டு எழுதுங்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. எங்களுக்கும் டிசம்பர் இப்படித்தான் போகிறது!

ஆமாம், பக்கத்து வீட்டில் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள், மண்டல காலம் 41 நாளும் அந்த வீட்டு அடுக்களை மாறிவிடும், மார்கழி பிறந்தால் விடியற்காலைக் கோலம். காலண்டரை விரித்து உட்காருவது எல்லா வீட்டுக்கும் ஆகும்.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எனக்குத் துக்கம்தான் எழுத வருகிறது. எழுதலாமா?

இதைக் கேட்டவர் ஒரு கடற்கரைக்காரர். 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று எங்கள் கடற்கரை முழுவதும் சுனாமி வந்தது, மணக்குடியில் பாலமே அடித்துப் போனது. கிறிஸ்மஸுக்கு மறுநாள் என்பதால் வீடுகளில் ஸ்டார் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, உறவினர்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள். பிறகு 2017இல் நவம்பர் கடைசியில் ஒக்கி புயல், டிசம்பர் முழுவதும் கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஊர்களில் கிறிஸ்மஸ் வேறு மாதிரி.

எழுதுங்கள் என்றே சொன்னேன். நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து எழுதாமல் பகலில், வீட்டில் ஒருவர் விழித்திருக்கும்போது எழுதுங்கள். எழுதி முடித்தபின் அவரோடு உட்கார்ந்து ஒரு கட்டன் சாயா குடியுங்கள். அந்தக் கடற்கரைக்காரர் எழுதி எனக்கு அனுப்பிய நாலு பக்கத்தில் சுனாமியைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது, மீதியெல்லாம் முந்தின நாள் அவருடைய அம்மா வைத்த கோழிக்கறியைப் பற்றி.

ஜனவரியில் எப்படித் திரும்புவது?

பள்ளி திறந்த மறுநாள்தான் நான் திரும்புகிறேன். ஸ்டாரைக் கழற்றி, குடிலின் களிமண் உருவங்களைக் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்கும் வேலை அன்று எனக்கும் மகனுக்கும். அது முடிந்ததும் டிசம்பர் நோட்டை எடுத்து உரக்கப் படிப்பேன், கேட்பது மாமி. சில வரிகளை நான் எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியாது, அதை மாமி சொல்லிவிடுவார். போன ஜனவரியில் "தகர டின், மூடி, பெரியப்பா" என்று மட்டும் ஒரு வரி இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாமி அடுக்களைக்குப் போய், முந்திரிக்கொத்து வைத்திருந்த பழைய தகர டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "இது யார் வாங்கித் தந்த டின்னு அன்னைக்குச் சொன்னேன் பாரு, அதுதான்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பேனாவை எடுத்தேன்.